நூற்று ஐம்பத்து நாலா, நூற்று அறுபத்தைந்தா?

இரவு பதினோரு மணிக்கு ஃபோன். எடுத்தால், கனடாவிலிருந்து நண்பன்.

"மச்சி, 154-ஆ, 165-ஆ? ஒரே வார்த்தையில சொல்லு."

"சாப்பிடறதுக்கு முன்னாடியா, சாப்பிட்ட பிறகா?" என்றேன் கவலையாக.

"டேய், ஷுகர் இல்லடா. ட்ராக்! ட்ராக் நீளம்! ஸ்நோமொபைல் வாங்கப் போறேன்."

முப்பதைத் தாண்டியவர்கள் அர்த்தராத்திரியில் மூன்று இலக்க எண் சொன்னால், அது சர்க்கரையாக இருக்கும், இல்லாவிட்டால் கொலஸ்ட்ராலாக இருக்கும், அதுவும் இல்லாவிட்டால் வீட்டு லோனில் பாக்கியிருக்கும் தவணைகளாக இருக்கும். நாலாவதாக ஒரு சமாசாரம் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவன் என்னோடு பி.காம். ஒரே பெஞ்சில் தூங்கியவன். இப்போது கால்கரியில் கணக்கு எழுதுகிறான். கல்லூரியில் செகண்ட் ஹாண்ட் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து எதை வாங்கினாலும் என்னை ஒரு வார்த்தை கேட்பான். கேட்டுவிட்டு, நான் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வான். எல்லாம் நல்லபடியாக முடியும். பதினைந்து வருட நட்பின் ரகசியமே அதுதான்.

"ரெண்டுக்கும் விலையில எவ்வளவு வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"கொஞ்சம்தான்."

"பதினோரு அங்குலம் அதிகமா கெடைக்குது. கண்ணை மூடிட்டு 165 வாங்கு."

பாண்ட் பிட் எடுக்கப் போன இடத்தில் அதே விலைக்குக் கால் மீட்டர் சேர்த்துக் கிழித்துத் தந்தால் வேண்டாமென்போமா? அந்த ஞானம்தான். ஸ்நோமொபைல் என்ற வஸ்துவை நான் ஜேம்ஸ்பாண்ட் படத்தில் பார்த்ததோடு சரி.

துரதிர்ஷ்டம்... இந்த முறை அவன் நான் சொன்னதைக் கேட்டுத் தொலைத்தான்.

* * *

பிப்ரவரியில் அவன் புது வீட்டு கிரகப்பிரவேசத்தைச் சாக்கிட்டுக் கால்கரி போனேன். "வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ரெண்டு சைஸையும் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாத்துடலாம். நீதானே 165-னு சொன்னே, நீயும் வா" என்றான்.

கிளம்பும்போது அவன் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, நீங்க சொன்னா கேப்பார். சின்ன சைஸா பாத்து வாங்கச் சொல்லுங்க. சின்னதுன்னா ஆபத்தும் சின்னதாத்தானே இருக்கும்?" என்றார்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் மட்டும் நான் எம்.காம்.

கால்கரியிலிருந்து ரெவல்ஸ்டோக் நானூறு கிலோமீட்டர் சொச்சம். பக்கத்து மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவில், கொலம்பியா நதிக்கரையில், இரண்டு மலைத்தொடர்களுக்கு நடுவே செருகி வைத்த மாதிரி ஓர் ஊர். வழியில் ரோஜர்ஸ் கணவாய் என்று ஓர் இடம். அங்கே மலைமேல் பனி சேர்ந்து ரோட்டில் சரியாமல் இருக்க, 1960-களிலிருந்து கனடா ராணுவம் பீரங்கி வைத்து மலையைச் சுட்டு வந்திருக்கிறதாம். சரிவதாக இருந்தால் நாங்கள் சொல்கிற நேரத்தில் சரி, என்று!

"எதிரி யாருடா?" என்றேன்.

"பனி" என்றான் நண்பன், ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி.

சிரித்தேன். மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அந்த ஜோக்குக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

* * *

பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்நோமொபைல் என்பது முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகை வைத்த பைக். பின்னால் சக்கரத்துக்குப் பதில் ராணுவ டாங்கி மாதிரி சுற்றுகிற ரப்பர் பட்டை. அந்தப் பட்டைதான் ட்ராக். பதினைந்து அங்குல அகலம் இருக்கும். மாவு மிஷின் பெல்ட்டில் வரிசையாகப் பல் முளைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மலை வண்டிகளில் அந்தப் பல் ஒவ்வொன்றும் இரண்டரை, மூன்று அங்குல உயரம்.

இதன் பின்னால் ஒரு சோகக் கதை உண்டு. கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற சின்ன ஊரில் ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். பனியில் ஓடும் வண்டி ஒன்றை உருவாக்கப் பல வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகனுக்குக் குடல்வால் அழற்சி. ரோடெல்லாம் பனி மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. செய்துகொண்டிருந்த வண்டி இன்னும் முடியவில்லை. குழந்தை இறந்துபோனது. அந்த மனுஷர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. பட்டையைச் சுழற்றும் அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார். ஏழு பேர் உட்காரும் பனி வண்டியை விற்றார். 1959-ல் 'ஸ்கி-டூ' என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தார். ஓர் உயிரைக் காப்பாற்ற முடியாத வருத்தத்தில் பிறந்த வண்டி. இன்றைக்கு நாங்கள் அதை வைத்து விளையாடப் போயிருக்கிறோம்!

* * *

எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். தாடியில் பனி, கையில் காபி. அவர் இங்கிலீஷில் சொன்னதை நம் ஊர்ப் பேச்சில் தருகிறேன்.

"எது நல்லது, 154-ஆ 165-ஆ?" என்று நண்பன் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்டார். நல்ல டாக்டர் அப்படித்தான்.

"எந்த மலையில ஓட்டப் போற? உன் எடை என்ன? எஞ்சின் எவ்வளவு?"

நண்பன் எடையைக் கேட்டதும் நான் ஆகாயத்தைப் பார்த்தேன். 92 கிலோ. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட ஆணி தேடுகிற கட்டம்.

பெரியவர் பனியில் குச்சியால் கோடு போட்டு விளக்கினார். நானும் ஒரு சிகரெட் அட்டையின் பின்னால் பேரேடு எழுதினேன். வணிகவியல் படித்தவனுக்கு வரவு, பற்று என்று இரண்டு பக்கம் போட்டால்தான் எதுவும் மண்டையில் ஏறும்.

முதலில் எண்ணின் அர்த்தம். 154 என்பது தரையில் படுகிற நீளம் அல்ல. பட்டையை அறுத்து நீட்டினால் வருகிற மொத்தச் சுற்றளவு, கிட்டத்தட்ட பதிமூன்று அடி. அதில் பாதிக்கும் குறைவுதான் பனியில் படும். ஆக, பதினோரு அங்குலம் அதிகம் என்று நான் குதித்தேனே, அதில் பாதி மேல்பக்கம் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். தரைக்குக் கிடைப்பது ஐந்தரை அங்குலம்தான். அதைப் பதினைந்தால் பெருக்கினால் 82 சதுர அங்குலம் சொச்சம். ஏறக்குறைய ஒரு வாரப் பத்திரிகையின் ஒரு பக்கம்! இவ்வளவு ரகளையும் அந்த ஒரு பக்கத்துக்குத்தான்.

வரவுப் பக்கம்: மெரினா மணலில் ஹைஹீல்ஸ் புதைகிறது, செருப்பு புதைவதில்லை. அதே தத்துவம். இருநூறு கிலோ வண்டி, 92 கிலோ நண்பன், மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் அதிக இடத்தில் பரப்பினால் வண்டி மிதக்கும். கழுத்தளவுப் பொடிப்பனியில் நீள ட்ராக் அமுங்காமல் போகும். செங்குத்து ஏற்றத்தில் பிடிமானம் அதிகம், பனியைத் தோண்டிக் குழிக்குள் இறங்குவது குறைவு. குண்டானவர்களுக்கும் புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் பல தப்புகளை மன்னித்துவிடும்.

பற்றுப் பக்கம்: நீளம் கூடினால் ரப்பர் கூடும், எடை கூடும். அத்தனையையும் சுழற்ற எஞ்சின் மாரடிக்க வேண்டும். மலையில் காற்று மெலிசு. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் சுமார் மூன்று சதவிகிதம் பலம் இழக்கும். ஏழாயிரம் அடி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு காலி. 850 சி.சி. எஞ்சின் 165-ஐ அனாயாசமாக இழுக்கும், 600 மூச்சு வாங்கும். இன்னொன்று, நீள வண்டிக்கு நேராகப் போகத்தான் ஆசை. மரங்களுக்கு நடுவே சட்டென்று திருப்பினால் டவுன் பஸ்ஸைச் சந்துக்குள் விட்ட கதை.

மொத்தத்தில், வெட்டிச் செப்பனிட்ட பாதையில் ஓட 120, 130 சொச்சம் போதும். பாதையும் வேண்டும், கொஞ்சம் மலையும் வேண்டும் என்றால் 137-லிருந்து 146. மலை மட்டும் என்றால் 154, 155. ஆழப் பனி, செங்குத்து ஏற்றம் என்றால் 163, 165. அதற்கும் மேலே 175 வரை உண்டு. ஒல்லி ஆசாமி 154-ல் போகிற இடத்துக்குக் கனத்த ஆசாமிக்கு 165 தேவைப்படலாம். ரெவல்ஸ்டோக் பக்கம் பனி ஆழம். பெரியவரே 165-தான் வைத்திருந்தார்.

"பார்த்தியா! நான் ஃபோன்லயே சொன்னேன்" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். (ஏழு அடுக்கு உடைக்குள் காலர் எங்கே இருந்தது என்பது வேறு விஷயம்.)

புறப்படும் முன் ஆளுக்கொரு சின்னக் கருவியை மார்பில் கட்டிவிட்டார். முதுகுப் பையில் ஒரு மடக்கு மண்வெட்டி, ஒரு நீளக் கம்பி. பனியில் புதைந்தால் கருவி சிக்னல் கொடுக்குமாம். கம்பியால் குத்திப் பார்த்து, மண்வெட்டியால் தோண்ட வேண்டுமாம்.

"இது என்னைக் காப்பாத்துமா?" என்றேன்.

"உன்னை இல்லை. உன்கிட்ட இருக்கிறது அவனைக் காப்பாத்தும். அவன்கிட்ட இருக்கிறது உன்னைக் காப்பாத்தும். புதைஞ்சவனைப் பத்து நிமிஷத்துக்குள்ள எடுத்தா அநேகமா பொழைச்சுக்குவான். அப்புறம் மளமளன்னு சான்ஸ் குறைஞ்சிடும். ஹெலிகாப்டர் வர்ற வரைக்கும் அவன் காத்திருக்க மாட்டான்."

கல்லூரி நாளில் அவனிடம் கைமாற்றாக வாங்கித் திருப்பாத தொகையெல்லாம் எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது.

* * *

எனக்கு 154, அவனுக்கு 165.

முதல் ஒரு மணி நேரம் சொர்க்கம். அப்புறம் ஒரு சின்ன ஏற்றத்தில் பயந்து வேகத்தைக் குறைத்தேன். வண்டி நின்றது. உடனே பயந்து முழு வேகத்தைக் கொடுத்தேன். வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது!

"கிணறு வெட்டறியா?" என்றார் பெரியவர்.

இறங்கினேன். இடுப்புவரை புதைந்தேன். வண்டிமேல் இருந்தவரை மிதந்துகொண்டிருந்தவன், சொந்தக் காலில் நின்றதும் பாதி ஆள் காணோம்! அந்த ஒரு நிமிடத்தில் புரிந்தது, ட்ராக் என்ன வேலை செய்கிறது என்று. வண்டியை ஒருபக்கம் சாய்த்து, குழியில் பனியைத் தள்ளி, மிதித்து இறுக்கி, மறுபடி நிமிர்த்தி வெளியே எடுக்க அரை மணி நேரம். மார்கழிக் குளிரை விடப் பத்து மடங்கு குளிரில் எனக்கு வியர்த்து ஊற்றியது.

நண்பனோ ஒரு தடவைகூட மாட்டவில்லை. நான் மாட்டிய அதே ஏற்றத்தில் விசில் அடித்துக்கொண்டு ஏறினான். 165-ன் மகிமை. "மச்சி, சூப்பர் செலக்‌ஷன்டா!" என்று கத்தினான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

மத்தியானம் ஒரு சமவெளியில் நின்றோம். எதிரே வழவழவென்று பெரிய சரிவு. அதில் யாரோ ஏறித் திரும்பிய தடங்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக, தலைகீழ் லாடம் மாதிரி. யார் அதிக உயரம் ஏறித் திரும்புகிறார் என்கிற போட்டி. பெரியவர் காலையிலேயே சொல்லியிருந்தார், "சமவெளியோட சரி. அந்தச் சரிவுல ஏறக் கூடாது" என்று. அவர் குனிந்து என் வண்டியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்த நேரம்... எஞ்சின் சத்தம்.

165 ஏறிக்கொண்டிருந்தது.

அழகாக ஏறியது. பழைய தடங்களைத் தாண்டியது. நான் கை தட்டியிருக்க வேண்டும், தட்டவில்லை. பெரியவரின் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

உச்சிக்கு ஐம்பது அறுபது அடி இருக்கும்போது வண்டி திணறியது. சாய்ந்தது. நின்றுவிட்டது. எறும்பு மாதிரி ஓர் உருவம் அதிலிருந்து இறங்குவது தெரிந்தது.

நான் யோசிக்கவே இல்லை. போய்த் தூக்கிவிட வேண்டும், அவ்வளவுதான். என் வண்டியில் ஏறி ஸ்டார்ட் பண்ணினேன். பெரியவர் கை நீட்டிச் சாவியை அணைத்தார்.

"அவன் ஃப்ரெண்ட் நான்!"

"அதனாலதான் போகக் கூடாது. சரிவு தாங்கறது இப்ப ஒரு ஆளோட கனத்தை. நீயும் போனா ரெண்டு ஆள், ரெண்டு வண்டி. அது பிச்சுக்கிட்டு வந்தா தோண்டறதுக்குக் கீழ யார் இருப்பா? நான் ஒருத்தன். யாரைத் தோண்டட்டும்?"

வண்டிகளைச் சரிவின் பாதையிலிருந்து ஓரமாக நகர்த்தச் சொன்னார். மண்வெட்டியை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். என்னையும் எடுக்கச் சொன்னார். பிறகு நின்றோம். பார்த்துக்கொண்டு சும்மா நின்றோம்.

இருபது நிமிடம். மேலே அவன் பனியை வெட்டுகிறான், மிதிக்கிறான், வண்டியைப் புரட்டுகிறான். கீழே நான், "பதினோரு அங்குலம் அதிகமா கெடைக்குது, கண்ணை மூடிட்டு வாங்கு" என்று சொன்ன வாயை மூடிக்கொண்டு நிற்கிறேன். 154-ஆக இருந்தால் பாதியிலேயே மாட்டியிருப்பான். திட்டிக்கொண்டே தோண்டி எடுத்திருப்போம். என் புத்திசாலித்தனமான 82 சதுர அங்குலம் அவனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. அவன் மனைவி சொன்னது பாதி தப்பு. சின்னது என்பதால் ஆபத்து சின்னதாகிவிடாது. ஆனால் மீதிப் பாதி அந்த இருபது நிமிடத்தில் எனக்கு நன்றாகவே புரிந்தது.

சரிவு அசையவில்லை. வண்டி மெல்லத் திரும்பியது, இறங்கியது. அவன் எங்கள் அருகே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது முகம் பனியின் நிறத்தில் இருந்தது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தான். பெரியவர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அவன் கை நடுக்கத்தில் பாதி கீழே கொட்டியது.

* * *

திரும்பும் வழியில் எதிர்மலையைக் காட்டினார். பௌல்டர் மலை. 2010 மார்ச் 13-ம் தேதி அங்கே ஸ்நோமொபைல்காரர்கள் பெருங்கூட்டமாகக் கூடியிருந்தபோது சரிவு பெயர்ந்து இரண்டு பேர் இறந்தார்கள், முப்பது பேர்போலக் காயம். அதற்கு முன் 2008 டிசம்பர் 28-ல் ஃபெர்னி ஊருக்குப் பக்கத்தில் ஹார்வி கணவாயில் பதினோரு பேர் போனார்கள். முதல் சரிவு சிலரை மூடியது. மற்றவர்கள் ஓடி வந்து தோண்டிக்கொண்டிருந்தபோது அடுத்த சரிவு. வீடு திரும்பியது மூன்று பேர்தான்.

தோண்ட வந்தவர்கள் மேல் சரிந்தது என்று அவர் சொன்னபோது, அணைத்த சாவியை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அப்போ 165 வாங்க வேண்டாமா?" என்றான் நண்பன், சின்னக் குரலில்.

"வண்டி மேல என்ன தப்பு? நானும் அதைத்தான் ஓட்டறேன். பெரும்பாலான பனிச்சரிவு முப்பதுலேர்ந்து நாற்பத்தஞ்சு டிகிரிக்குள்ள நடக்குது. குட்டை ட்ராக் அங்கெல்லாம் போறதுக்குள்ள மூச்சு விட்டுடும். நீளம் கொண்டுபோய் விட்டுடும். ஏற முடியுமான்னு ட்ராக் சொல்லும். ஏறலாமான்னு நீதான் சொல்லணும். அதைக் கத்துக்க எத்தனை நாள் செலவு பண்ணினே?"

முப்பது டிகிரி என்பது பெரிய உயரமில்லை ஸார். நம் வீட்டு மாடிப்படி ஏறக்குறைய அந்தச் சாய்வுதான்.

ராத்திரி லாட்ஜில் அந்த சிகரெட் அட்டையை எடுத்துப் பார்த்தேன். எடை, எஞ்சின், பனி, திருப்பம் எல்லாம் எழுதியிருந்தேன். ஓட்டுகிறவனுக்கு எவ்வளவு தெரியும் என்கிற ஒரு வரி மட்டும் இரண்டு பக்கத்திலும் இல்லை. பாலன்ஸ் ஷீட் டாலி ஆகியிருந்தது. கணக்குதான் தப்பு.

"சாரிடா" என்றேன் இருட்டில்.

"எதுக்கு? நீ ட்ராக்கைத்தானே சொன்னே, மலையையா ஏறச் சொன்னே?" என்றவன், கொஞ்ச நேரம் கழித்து, "அவகிட்ட சொல்லாதே" என்றான்.

சொல்லவில்லை. (அவர் இந்தப் பத்திரிகையைப் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

* * *

நண்பன் புது வண்டி வாங்கவில்லை. புது மலை வண்டி கனடா டாலரில் இருபதாயிரத்தைத் தொடும். ஒருவர் ஓட்டிய 154-ஐ வாங்கினான். மிச்சப் பணத்தில் மார்பில் கட்டும் கருவி, காற்றுப்பை விரிகிற முதுகுப் பை, பனிச்சரிவு பற்றிய முதல்நிலை வகுப்பு. சான்றிதழை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். பி.காம். சர்ட்டிபிகேட்டைக்கூட அவன் இவ்வளவு பெருமையாகக் காட்டியதில்லை. இரண்டு மூன்று சீசன் ஓட்டிப் பழகிவிட்டு, தேவைப்பட்டால் 165 என்று முடிவு.

"நானா யோசிச்சு எடுத்த முடிவு. உன்னைக் கேக்கவே இல்லை பாத்தியா" என்றான்.

சென்ற மாதம் ஒரு ராத்திரி நானே அவனுக்கு ஃபோன் பண்ணினேன்.

"மச்சி, 154."

"தெரியும்டா, என் வண்டிதானே?"

"இல்லடா. என் ஷுகர். சாப்பிட்ட பிறகு."

ஒரு வினாடி மௌனம். பிறகு அந்தப் பாவி பெரியவர் குரலில் சொன்னான்:

"பரவாயில்லை, புதுசா ஆரம்பிக்கிறவனுக்கு அது போதும். 165-க்கு மட்டும் அவசரப்பட்டு ஏறிடாதே!"